வீட்டுக் கஷ்டம்: ஞாயிறு கேள்வி பதில்

வேலூரில் 26 வருடம் குடும்ப ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடன், நோய், வேலை போனது எதுவானாலும் கேளுங்கள். சட்டமும் ஜாதகமும் எனக்குத் தெரியாது. முன்கூட்டியே ஒன்று: வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ தெரியாமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

கம்மவான்பேட்டை: அக்கா, அவர் 17 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். இத்தனை நாள் நானே பார்த்துக்கொண்ட வீடு. இப்போது தினமும் சண்டை.

உங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் என்பார்கள், இந்தக் கதையை அங்கே நிறையக் கேட்டிருக்கிறேன். ரூபன் ஹில் என்ற அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரால் அப்பாவைப் பிரிந்திருந்த 135 அயோவா மாநிலக் குடும்பங்களை ஆராய்ந்து 1949இல் எழுதினார். அப்பா இல்லாமலே கச்சிதமாக ஓடப் பழகிய வீடுகள் பிரிவை நன்றாகவே சமாளித்தன. அவர் திரும்பி வந்ததும் திணறியதும் அவைதான், ஏனென்றால் அவருக்கென்று அங்கே ஒரு வேலையும் மிச்சமில்லை. நீங்கள் கெட்டிக்காரி, அதனால்தான் இந்தச் சண்டை. ஏதாவது ஒரு பொறுப்பை முழுசாக அவரிடம் விடுங்கள். மளிகை, கரண்ட் பில், எதுவோ. முதல் மாதம் சொதப்புவார். சொல்லிக் காட்டாதீர்கள்.

ராணிப்பேட்டை: தோல் கம்பெனியில் வேலை போய் 4 மாதம். பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். 1980களில் அயோவாவில் விவசாயம் நொடித்தபோது ராண்ட் காங்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டது இது: பணக்கஷ்டம் பிள்ளைகளை நேராகப் போய் அடிப்பதைவிட, அப்பா அம்மாவின் சோர்வு, அவர்களுக்குள் சண்டை, பிள்ளைகள் மேல் எரிச்சல் என்று வழி வழியாகத்தான் போய்ச் சேருகிறது. 9 வயதுப் பிள்ளைக்கு, "அப்பாவுக்கு இப்போ வேலை இல்லை. சோறு இருக்கும், ஸ்கூல் இருக்கும், தீபாவளிக்குப் புது டிரெஸ் இருக்காது" என்றால் போதும். கடன் தொகை வேண்டாம். நிச்சயமில்லாததை வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

ஆம்பூர்: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கப்பா பட்ட கடன் எதுவும் தெரியாமல்தான் வளர்ந்தோம். நன்றாகத்தானே இருக்கிறோம்?

எதுவுமே தெரியாதா?

ஆம்பூர்: அம்மா கழுத்தில் ரொம்ப நாள் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது ஞாபகம்.

அப்போ தெரிந்திருக்கிறது தம்பி. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

குடியாத்தம்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அக்கா. நாங்கள் சொன்னோம். 11 வயது மகள் மறுநாளிலிருந்து நோட்டு வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை.

இந்த இடத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். சொல்வதோடு விட்டால் பிள்ளை பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும். "கடனைக் கட்டுவது எங்கள் வேலை, நோட்டு கேட்பது உன் வேலை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உதவி செய்கிறேன் என்று நின்றால் சின்னதாக ஒரு வேலை கொடுங்கள், தம்பியை டியூஷனில் விட்டு வருவது மாதிரி. இதற்குக் கீழே மட்டும் நாற்பது பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில்.

வாலாஜா: குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கலாமா?

காலையிலிருந்து மூன்றாவது ஆள் நீங்கள். வேண்டாம். நகையும் தெரியாமல் வேண்டாம்.

காட்பாடி: மாமியார் தனியாகப் பேசுகிறார், தூங்குவதில்லை. வெளியே தெரிந்தால் அசிங்கம்.

டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். பாகாயத்தில் சி.எம்.சி. மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம்தான். நோயாளியோடு வீட்டாரும் தங்கிக் கற்றுக்கொள்வது அங்கே பல காலமாக இருக்கும் வழக்கம். யாராவது ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் மட்டும் என்றால் அடுத்த நோயாளி அவர்தான்.

பெயர் வேண்டாம்: குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துப் போனால் குடும்பம் நிற்குமா?

பொறுக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். அவசரம் என்றால் 112.

ஆற்காடு: என்ன பரிகாரம் செய்யலாம்?

படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய் வாருங்கள், வீட்டில் எல்லோரும் ஒரே பஸ்ஸில். செலவுக்கு நகையை அடகு வைக்காமல்.

கம்மவான்பேட்டை (சாயங்காலம்): மளிகையை விட்டேன் அக்கா. 25 கிலோ அரிசி வாங்கி வந்தார். குழைகிறது.

சாப்பிடுங்கள்.