வலிப்பா, வலிப்பு மாதிரியா? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: மகளுக்கு வயது 19. வாரம் இரண்டு முறை வலிப்பு வருகிறது. இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) நார்மல். அதனால் காக்காய் வலிப்பு இல்லை, ‘ஃபங்ஷனல்’ (மூளையில் மின் கோளாறு இல்லாமல், தெரிந்து செய்யாமலே வரும் வலிப்பு மாதிரி) என்கிறார்கள். நம்பலாமா?

‘அதனால்’ என்று சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி., அசல் காக்காய் வலிப்புக்காரர்களுக்கும் நார்மலாக வரும். வலிப்பு வரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் முதலில் கேட்பது கண்ணை. காக்காய் வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஃபங்ஷனல் வலிப்பில் மூடியிருக்கும். இமையை விலக்கப் போனால் இன்னும் இறுகும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃபங்ஷனல் வலிப்புள்ள 52 பேரில் 50 பேர் கண்ணை மூடியிருந்தார்கள். காக்காய் வலிப்புள்ள 156 பேரில் 152 பேருக்குக் கண் திறந்திருந்தது.

அடுத்தது வெட்டும் விதம். காக்காய் வலிப்பில் முதலில் உடம்பு விறைக்கும், பிறகு படபடவென்று வெட்டும், போகப்போக இடைவெளி கூடி நின்றுவிடும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் குறட்டை போலப் பெருமூச்சு, கொஞ்ச நேரம் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம். ஃபங்ஷனல் வலிப்பு பத்து, இருபது நிமிடம்கூட நீளும். நடுவில் அடங்கும், மறுபடி கிளம்பும். தலை இடவலமாக ஆடும். சிலர் அழுவார்கள்.

இதில் எந்த ஒன்றை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. அடுத்த முறை வரும்போது செல்போனில் படம் எடுங்கள், முகமும் கண்ணும் தெரியும்படி. சந்தேகம் தீராவிட்டால் வீடியோ இ.இ.ஜி.: வலிப்பைப் படம் எடுத்துக்கொண்டே இ.இ.ஜி.யும் பதிவது.

கேள்வி: சிறுநீர் போய்விட்டால் அசல் வலிப்புதானே?

இல்லை. இரண்டிலும் போகும். நாக்கின் பக்கவாட்டில் ஆழமாகக் கடித்திருந்தால் மட்டும் காக்காய் வலிப்பின் பக்கம் சாய்வேன்.

கேள்வி: இரும்புச் சாவி கொடுத்ததும் நின்றுவிட்டது. அப்படியென்றால் எது?

சாவியைத் தேடி எடுப்பதற்குள் தானாக நின்றிருக்கும். கையில் எதையும் திணிக்காதீர்கள், வாயில் நிச்சயமாக வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

கேள்வி: காஷுவாலிட்டியில் டியூட்டி பார்க்கிறேன். கையைத் தூக்கி முகத்துக்கு நேராக விட்டால் விலகி விழும். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினால் எழுந்துவிடுவார்கள். நடிப்பை நடிப்பு என்று சொன்னால் என்ன?

நடிப்பு என்றால் தெரிந்து செய்வது. இவர்கள் தெரிந்து செய்வதில்லை. நெஞ்சில் முட்டித் தழும்போடு என் அறைக்கு வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். ஒன்றல்ல, மூன்று தழும்பு, மூன்று டியூட்டி டாக்டர்கள்.

அதே டாக்டர்: நடிப்பு வேண்டாம், சரி. ஆனால் கண்டுபிடிக்காமல், வலிப்பை நிறுத்தும் ஊசியான லோராசிபாம் மேல் லோராசிபாம் போட்டால்?

அங்கே உங்கள் பக்கம்தான் நான். மூச்சு அடங்கி வென்டிலேட்டர் வரை போனவர்கள் உண்டு. அதற்குத்தான் கண்ணைப் பாருங்கள் என்கிறேன். முட்டி எதற்கு?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதைச் செய்தவன் நானே. பயிற்சிக் காலத்தில் ஒரு பையன். தூக்கத்திலிருந்து எழுந்து கத்துவான், சைக்கிள் மிதிப்பதுபோல் காலை அடிப்பான், அரை நிமிடத்தில் தெளிந்துவிடுவான். ‘ஹிஸ்டீரியா’ (ஃபங்ஷனலுக்குப் பழைய பெயர்) என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அது மூளையின் முன்மடலிலிருந்து வரும் காக்காய் வலிப்பு. அதில் தலைமேல் ஒட்டும் இ.இ.ஜி. வலிப்பின்போதே ஒன்றும் காட்டாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் அச்சடித்ததுபோல் ஒரே மாதிரி, குறுகிய நேரம், தூக்கத்திலிருந்து: இந்த மூன்றும் சேர்ந்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குக் கண் மூடித்தான் இருந்தது. மாத்திரையை நிறுத்தலாமா?

இன்று இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். நிறுத்தாதீர்கள். சிலருக்கு இரண்டு வலிப்பும் சேர்ந்தே இருக்கும். குறைப்பதா வேண்டாமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: ஃபங்ஷனல் என்றால் மந்திரிக்கலாமா?

வேண்டாம். பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது; மனநல மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அண்ணனுக்கும் கண் மூடியிருந்தது. மாத்திரை...

மேலே, மனைவிக்குச் சொன்ன பதில்.