கொழும்பில் 40,000 ரூபா சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி ஹட்டன் பக்கம். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 40,000 தருவதாகச் சொல்கிறார்களாம். மனைவி பிள்ளையோடு வந்தால் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நானும் மஸ்கெலியாவிலிருந்து 2014இல் இதே புறக்கோட்டைக்கு, இதே மாதிரிக் கடைக்கு வந்தவன்தான். இன்றைக்கு என் சம்பளம் 43,000. மட்டக்குளியில் ஓர் அறை, மனைவி, இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். அதனால் கணக்கை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

43,000 என்றாலும் சம்பளக் கவருக்குள் 43,000 இருக்காது. அடிப்படைச் சம்பளம் 30,000, மீதி அலவன்ஸ் என்று பிரித்துப் போடுவார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அந்த 30,000இல் 8 வீதம், அதாவது 2,400 போய்விடும். கைக்கு 40,600. அறை வாடகை 16,000. கரண்டும் தண்ணியும் 3,500. பஸ்ஸுக்கு 2,600. மிச்சம் 18,500. முப்பது நாளுக்குப் பிரித்தால் மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு 600 சொச்சம். பாண், பருப்பு, அரிசி, மகளுக்குப் பால்மா, காஸ், சவர்க்காரம், கொப்பி பென்சில், ஊரில் அம்மாவுக்கு எப்போதாவது அனுப்புவது எல்லாம் அதற்குள்தான். மனைவி வீட்டில் சட்டை தைத்து நாலைந்தாயிரம் சேர்க்கிறாள். அது இல்லையென்றால் எப்போதோ ஊருக்குத் திரும்பியிருப்போம்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டால் இழுத்துப்பிடித்து ஓடும் போலத்தான் தெரியும். ஓடாது. ஏனென்றால் காசு குறைவாக இருக்கிறவனுக்கு அதே சாமான் கூடின விலைக்குத்தான் கிடைக்கிறது. இது எனக்குப் புரியவே பல வருஷம் எடுத்தது.

கரண்ட் பில்லையே பாருங்கள். நாங்கள் இருக்கும் வீட்டில் நாலு அறை, நாலு குடும்பம், மீட்டர் ஒன்று. இலங்கையில் வீட்டு மின்சாரத்துக்கு யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். தனித்தனி மீட்டர் இருந்தால் நாலு குடும்பமும் குறைந்த விலைப் படியிலேயே நின்றுவிடுவோம். ஆளுக்கு ஒரு லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதானே. நாலையும் ஒரே மீட்டரில் சேர்த்தால் ஏதோ பெரிய வீடு மாதிரி மேல்படி விலையில் பில் வருகிறது. தண்ணீர் பில்லும் அப்படித்தான். வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, வந்த பில்லைத்தான் பங்கு போடுகிறார்.

கடைச் சாமானும் அதே கதை. மாதம் பிறந்ததும் ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு என்று மொத்தமாக வாங்கினால் புறக்கோட்டை விலைக்கு எடுக்கலாம். 12ஆம் திகதிக்குப் பிறகு அது நடக்காது. தெருமுனைக் கடையில் நூறு கிராம் பருப்பு, கால் கிலோ சீனி, சின்னப் பைக்கற்றில் பால்மா. தேங்காய் 200 ரூபாவைத் தாண்டின நாட்களில் பக்கத்து அறை அக்காவும் நாங்களும் ஒரு காயை வாங்கி ஆளுக்குப் பாதி எடுத்தோம். எந்தப் பாதி பெரிசு என்று அக்கா ஒரு நாளும் பார்த்ததில்லை. என் மகள் பார்ப்பாள்.

12ஆம் திகதி என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் கடையில் கணக்குப் பார்க்கும் முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு நீளக் கொப்பி வைத்திருப்பார், அட்வான்ஸ் கொப்பி. அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாலே விஷயம் விளங்கிவிடும். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார். "இன்னும் மூணு நாள் தாங்குமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்பார். திட்டுவதற்காகக் கேட்கிற கேள்வி இல்லை அது. 12ஆம் திகதி எடுக்கும் ஐயாயிரம் அடுத்த கவரில் குறையும், அப்புறம் அடுத்த மாதம் 10ஆம் திகதியே வந்து நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷம் அப்படி இறங்கி இறங்கி, சம்பள நாளன்றே அட்வான்ஸ் கேட்ட மாதமும் வந்தது. 2022இல்.

அந்தப் பொருளாதார நெருக்கடி வருஷத்தைப் பற்றி உங்களுக்கும் தெரியும். காஸ் வரிசையில் நிற்க லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும், அதனால் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறினோம். ஓகஸ்டில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது என்றார்கள். பிறகு குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னபோது மனைவி, "அப்ப பாண் விலை இறங்குமா?" என்று கேட்டாள். ஏறிய விலை ஏறியதுதான், இனி மெதுவாக ஏறும், அதுதான் அர்த்தம் என்று விளக்கிச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

வருத்தம் வந்தால்? அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை, உண்மை. ஆனால் காலையில் போய் நம்பர் எடுத்து மருந்து வாங்கி வரப் பாதி நாள் போகும், கடையில் அது முழு நாளாக வெட்டுப்படும். கிட்டத்தட்ட 1,650 ரூபா. இரவு எட்டு மணிக்கு மேல் திறந்திருக்கும் தனியார் டொக்டரிடம் போனாலும் மருந்தோடு அதே அளவு வந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் பனடோலும் கொத்தமல்லித் தண்ணியும்தான்.

சரி, சட்டம். தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2016இல் 10,000 ஆக இருந்தது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஆகவே உங்களுக்குச் சொன்ன 40,000 சட்டத்துக்கு மேலேதான். கடை வேலைக்கு வாரம் 45 மணித்தியாலம், அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு என்றும் இருக்கிறது. நான் முதலில் நின்ற கடையில் ஓவர்டைம் என்றால் வருஷக் கடைசியில் ஒரு பிளேன்டீயும் கேக்கும். அங்கே மூன்று வருஷம் "நீ இன்னும் பழகுற பையன்" என்று சொல்லி சேமலாப நிதியில் என் பெயரையே போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே போட வேண்டும், தற்காலிகம், பழகுநர் எல்லோருக்கும் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. இது சின்னக் காசு இல்லை. 30,000க்கு நம் பக்கம் 2,400, முதலாளி பக்கம் 12 வீதமாக 3,600, மாதம் 6,000 நம் பெயரில் சேரும். அது போக ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) என்று இன்னொன்றுக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் அதே கடையில் நிற்க வேண்டியிருந்தது.

ஊரில் இருந்தால் என்ன என்றும் கேட்பீர்கள். தேயிலைத் தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ஆக வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்தி 2021இல்தான் வர்த்தமானி வந்தது, 2024இல் 1,350 ஆனது. கைக்கு வருவது குறைவு. ஆனால் தோட்டத்து லய வீட்டுக்கு வாடகை இல்லை, விறகு இருக்கிறது, அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். இங்கே அந்த மூன்றுக்கும் காசு.

அதனால் என் பதில்: குடும்பத்தோடு வேண்டாம், முதலில் தனியாக வாங்க. தங்க இடமும் சாப்பாடும் தருவார்களா என்று கேளுங்கள், புறக்கோட்டையில் நிறையக் கடைகள் தரும். கடை மேல்மாடியில் ஆறு பேரோடு பாய் விரித்துப் படுக்க வேண்டியிருக்கும், மூட்டைப்பூச்சியும் உண்டு, ஆனால் மாதம் இருபத்தைந்தாயிரமாவது வீட்டுக்கு அனுப்பலாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று போடுவார்கள், சேமலாப நிதிக்கு எப்போது பெயர் போடுவார்கள் என்று சேரும் முன்னமே கேளுங்கள். கேட்டதற்காக வேலை தராத கடை என்றால் நல்லதாகப் போயிற்று. வீட்டில் இருந்தே வேலை செய்யக்கூடிய தையல் மாதிரி ஏதாவது மனைவிக்குத் தெரிந்தால் ஒரு வருஷம் கழித்துக் கூட்டி வருவதைப் பற்றி யோசிக்கலாம்.

அறை பார்க்க வருவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வாங்க, அல்லது போயா (பௌர்ணமி லீவு) அன்று. அன்றைக்குத்தான் கடை பூட்டு, நானும் கூட வரலாம்.