கோர்செட் சட்டையும் சாறி ஷேப்வெயரும்: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகி: அக்கா, ரிசெப்ஷன் லெஹெங்காவுக்குக் பின்னால கயிறு போட்டு இடுப்பை இறுக்கிற கோர்செட் சட்டை தைக்கக் குடுத்தனான். கொஞ்ச நேரத்திலயே இடுப்பில போன் (சட்டைக்குள்ள வைக்கிற விறைப்பான குச்சி) மடிஞ்சு குத்துது. இன்னும் ரெண்டு போன் வைக்கச் சொல்லட்டா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, குத்துத்தான் கூடும். இடுப்பைப் பிடிப்பது துணி. அந்தத் துணி சுருங்கி இறங்காமல் நிமிர்த்தி வைப்பதே போனின் வேலை. உங்களுடையது பிளாஸ்டிக் போன் போலிருக்கிறது. உடற்சூட்டில் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும், கொழும்பு வெக்கையில் கேட்கவே வேண்டாம். வளைவான தையல்களுக்குச் சுருள் கம்பியாலான ஸ்பைரல் ஸ்டீலும், பின்னால் கயிறு கோக்கும் துளைகளான ஐலெட் வரிசையின் இரு பக்கமும் தட்டை ஸ்டீலும் போடச் சொல்லுங்கள். போன் அதை நுழைக்கும் துணிப்பட்டியைவிடக் கால் அங்குலமாவது கட்டையாக இருக்கவேண்டும். முனைக்கு மூடியும் வேண்டும், இல்லாவிட்டால் துணியைத் துளைத்து வரும்.

அதைவிட முக்கியம் உள்துணி. சாட்டின் மட்டும் என்றால் தையலோரம் விரியும். இழுபடாத பருத்தி ட்ரில் (தடித்த துணி) ஒரு அடுக்கு கொடுத்து, இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் முக்கால் அங்குல நாடாவைச் சுற்றிவரத் தையுங்கள். துணியின் அளவு இடுப்பைவிட 4 அங்குலம் குறைவாக இருக்கட்டும்: 2 அங்குலம் இறுக்கத்துக்கு, 2 அங்குலம் பின்னால் கயிறு கட்டும் இடைவெளிக்கு. இருந்து சாப்பிடவேண்டிய மணப்பெண்ணுக்கு அதற்குமேல் இறுக்கம் கூடாது. ஃபிட்டிங்கின்போது கட்டாயம் கதிரையில் இருந்து பாருங்கள். நீளம் கூடினால் கீழ்விளிம்பு தொடையில் முட்டிச் சட்டை முழுவதும் மேலே ஏறும்.

தெஹிவளை வாசகி: மெர்மெயிட் ஷேப்வெயருக்கு (பாவாடைக்குப் பதிலாப் போடுற, உடம்போட ஒட்டின உள்ளுடுப்பு) மேல சாறி கட்டினா கொய்யகம் இறங்குது, ஏன்?

பதில்: வெறும் இலாஸ்டிக் பட்டி பட்டுச்சாறியின் பாரத்தைத் தாங்காது. நாடா ஓடும் வகையை எடுங்கள். இன்னும் மெலிவாகத் தெரியும் என்று ஒரு சைஸ் சிறிதாக வாங்கவேண்டாம். மேல்பட்டி சுருண்டு, சாறிக்கு வெளியே வரி விழும். இடுப்புக்கு ஒரு சைஸ், பின்பக்கத்துக்கு வேறு சைஸ் வந்தால் பெரியதுதான் சரி.

கொட்டாஞ்சேனை வாசகி: அந்தக்கால ஐரோப்பியப் பெண்கள் இடுப்பு ஒடுங்க விலா எலும்பை எடுத்தவையாமே?

பதில்: அதற்கு ஆதாரமே இல்லை. அருங்காட்சியகக் கோர்செட்டின் அளவை அப்படியே இடுப்பின் அளவாக எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பமும் இதில் உண்டு. பின்னால் இடைவெளி விட்டுக் கட்டுவது வழக்கம், ஆகவே இடுப்பு அந்த அளவைவிடப் பெரிதாகவே இருந்திருக்கும். மிக இறுக்கிக் கட்டுவது எளிதானதே 1820களின் கடைசியில் உலோக ஐலெட் வந்த பிறகுதான். அதற்குமுன் நூலால் தைத்த துளைகள் அந்த இழுவைக்குக் கிழிந்துவிடும்.

மருதானை வாசகி: ஷேப்வெயர் போட்டா தொடையின் வெளிப்பக்கம் விறைக்குது.

பதில்: உடனே கழற்றுங்கள். இடுப்போரத்தில் தொடைக்குப் போகும் நரம்பு அமுங்குகிறது. கழற்றியும் விறைப்புப் போகாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். நெஞ்செரிவு உள்ளவர்களும் வயிற்றை இறுக்கும் வகையைத் தவிர்க்கவேண்டும்.

அதே வாசகி: ஸ்டீல் போன் வைத்த சட்டையைத் தோய்க்கலாமா?

பதில்: தோய்த்தால் துருப்பிடிக்கும், கறை சாட்டினுக்கு ஏறும். உள்ளே மெல்லிய பருத்தி பெனியன் போட்டு, கழற்றியதும் ஃபேனுக்குக் கீழ் விரித்து உலர விடுங்கள்.