அல்சைமர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வீட்டில் எப்படி அறிவது?

வெள்ளவத்தையில் உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று டொக்டர் சொல்லிவிட்டார், இனி என்னென்ன வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1982இல் ரைஸ்பர்க் என்ற டொக்டர் கொண்டுவந்த அளவுகோல் இந்த நோயை ஏழு கட்டமாகப் பிரிக்கிறது. வீட்டில் பார்ப்பவர்களுக்கு மூன்றே போதும். அதுவும் கோடு போட்டதுபோல் பிரிந்து வராது.

தொடக்கத்தில் பழைய கதையெல்லாம் சரியாகச் சொல்வார், காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். கடையில் மிச்சக் காசு எண்ணத் தடுமாறுவார். வங்கி, காணி உறுதி விஷயங்களை அவருடைய விருப்பம் கேட்டு இப்போதே முடித்துவிடுங்கள்.

நடுக்கட்டம்தான் பெரும்பாலும் நீளமானது, வருடக்கணக்கில் போகும். பின்னேரமானால் அந்தரப்படுவார். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டை போகவேணும்" என்பார். "இதுதானே அம்மா வீடு" என்று வாதாடிப் பயனில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்று சொல்லிப் பாருங்கள், பல நேரம் அடங்கிவிடுவார். வாகனங்கள் ஓடும் காலி வீதி (Galle Road) பக்கத்தில் இருப்பதால் கேட்டைப் பூட்டியே வையுங்கள்.

கடைசியில் பேச்சும் நடையும் குறையும், விழுங்கவும் கஷ்டப்படுவார். சாப்பாடு புரைக்கேறினால் நுரையீரலில் தொற்று வரலாம். நிமிர்த்தி இருத்தி, குழைத்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் அடுத்த கட்டம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ புது மருந்தோ காரணமாக இருக்கலாம், உடனே டொக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், மருதானையில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது, பராமரிப்பவர்களும் போய்ப் பேசலாம்.