அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பிரசுரிக்கமாட்டேன்

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த கரன் ரீட் வழக்கை நானும் நண்பர்கள் ஏழு பேரும் இரண்டு வருடமாக இணையத்தில் ஆராய்ந்தோம். கைத்தொலைபேசித் தரவுகளை வரி வரியாகப் பார்த்தோம். அதிகாலை 2.27 என்று பதிவான அந்த ஒரு தேடலே உண்மைக் குற்றவாளியைக் காட்டிவிடுகிறது என்பது எங்கள் முடிவு. இப்போது கொழும்பில் நடந்த ஒரு கொலையை அதே முறையில் ஆராய்கிறோம். இறந்தவரின் நண்பர் ஒருவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் கிடைத்திருக்கிறது. அதில் இரவு 11.40 என்று இருக்கும் செய்தி, போனிலிருந்து எடுத்த தரவு அறிக்கையில் 18.10 என்று இருக்கிறது. ஆள் நேரத்தை மாற்றியிருக்கிறார்! அன்றிரவு அவருடைய போன் எந்த டவரில் நின்றது என்பதும் தெரியும். பொலிஸ் தூங்கும்போது நாங்கள் விழித்திருப்பதில் என்ன பிழை? இரண்டு பக்கத்தையும் இணைத்திருக்கிறோம். அவருடைய பெயருடன் பிரசுரிப்பீர்களா?
– ‘உண்மை விரும்பி', வெள்ளவத்தை

பதில்: பிரசுரிக்கமாட்டேன். பெயர் இல்லாமலும் பிரசுரிக்கமாட்டேன்.

முதலில் உங்கள் 18.10ஐப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். பென்சிலால் 18.10க்குக் கீழே ஐந்தரை மணித்தியாலத்தை எழுதிக் கூட்டினேன். 23.40 வந்தது. இரவு 11.40. ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் அதே நேரம். கைத்தொலைபேசி தன் உள்ளே நேரத்தைச் சர்வதேசப் பொது நேரத்தில்தான் எழுதி வைக்கிறது. திரையில் காட்டும்போது இலங்கை நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. தரவை வெளியே எடுக்கும் மென்பொருளில் நேர வலயத்தை மாற்றாமல் விட்டால் அறிக்கை பொது நேரத்திலேயே அச்சாகும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்பது. ஆக, அந்த மனிதர் எதையும் மாற்றவில்லை.

எட்டுப் பேர் எத்தனையோ இரவுகள் விழித்திருந்தும் இது ஏன் கண்ணில் படவில்லை? உங்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. பொய்யனைத் தேடிக்கொண்டுதான் அந்தத் தாளைத் திறந்திருக்கிறீர்கள். இரண்டு நேரம் வேறுபட்டதும் தேடியது கிடைத்துவிட்டது. அதற்குமேல் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நான் அந்தப் பெயரைப் போட்டிருந்தால், வருகிற இதழில் ஒரு திருத்தக் குறிப்போடு எனக்கு முடிந்திருக்கும். அந்த மனிதருக்கு முடிந்திருக்காது. சொந்த நண்பனைப் பறிகொடுத்த ஒருவர் கொலைகாரனாகக் காலி வீதியில் நடந்திருப்பார்.

அமெரிக்க வழக்கிலும் இதுதான் நடந்தது. வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜனவரி 29 விடியற்காலை, கான்டன் என்ற ஊரில் ஒரு வீட்டு முற்றத்துப் பனியில் ஜோன் ஓ'கீஃப் என்ற பொஸ்டன் பொலிஸ்காரர் குற்றுயிராகக் கிடந்தார்; பிறகு இறந்தார். காரால் மோதிக் கொன்றதாக அவருடைய தோழி கரன் ரீட் மீது வழக்கு. அந்த வீட்டு விருந்துக்குப் போயிருந்த ஒரு பெண்ணின் போனில், குளிரில் ஒருவர் சாக எவ்வளவு நேரமாகும் என்ற தேடல் இருந்தது. அதன் பக்கத்தில் 2.27 என்ற நேரமும் இருந்தது. உடலைக் கண்டதோ காலை ஆறு மணியளவில். அப்படியென்றால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று இணையம் முழுக்கக் கொதித்தது.

நீதிமன்றத்தில் இரு தரப்பு நிபுணர்களும் இதற்காகவே மோதினார்கள். 2.27க்குத்தான் தேடினார் என்றார் ரீட் தரப்பு நிபுணர். அரசுத் தரப்பு நிபுணர்கள் சொன்னது வேறு: 2.27 என்பது உலாவியில் அந்தத் தாவலைத் திறந்த நேரம், தேடிய நேரம் அல்ல. அப்போது அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தது கூடைப்பந்து பற்றிய பக்கம். அதே தாவலில் காலை ஆறு மணிக்குப் பிறகு இந்தத் தேடலைச் செய்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பியை நினைத்துப் பாருங்கள். காலையில் பக்கத்தின் மேலே திகதி போடும். அந்தப் பக்கத்தில் கணக்கு எழுதுவது இரவு எட்டு மணிக்காக இருக்கும். திகதியை மட்டும் பார்த்தவன் கணக்கு எப்போது எழுதப்பட்டது என்று சத்தியம் செய்ய முடியுமா?

2024இல் முதல் விசாரணை முடிவின்றிக் கலைந்தது. 2025 ஜூனில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து ரீட் விடுதலையானார். போதையில் வாகனம் ஓட்டிய குற்றம் மட்டும் நின்றது. அதனால் எங்கள் 2.27 சரிதான் என்று நீங்கள் எழுதக்கூடும். அப்படியல்ல. ரீட் செய்தார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் தீர்ப்பு. அந்தப் பெண் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அவர்மீது வழக்கே கிடையாது. அந்த வழக்கில் சாட்சிகளை மிரட்டியதாக 2023இல் ஒரு வலைப்பதிவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. ஆர்வத்தில் தொடங்கிய துப்பறிதல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

இனி டவர். அவருடைய போன் ‘அந்த டவரில் நின்றது' என்கிறீர்கள். அழைப்புப் பதிவேட்டில் இருப்பது அந்த அழைப்பை எந்த டவரின் எந்தப் பக்கத்து அலைவாங்கி ஏற்றது என்பது மட்டும்தான். வழக்கமாக ஒரு டவர் தன்னைச் சுற்றியுள்ள பரப்பை மூன்று பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். நகரத்தில் ஒரு பக்கமே சில தெருக்களை மூடும். ஊர்ப்புறத்தில் பல கிலோமீற்றர் போகும். மிக அருகில் இருக்கும் டவரைத்தான் போன் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. இடையில் மாடிக்கட்டடம் நின்றாலும், அந்த டவரில் நெரிசல் இருந்தாலும் தள்ளியிருப்பதைப் பிடிக்கும். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் தொடர்மாடியில் இருக்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள்: வரவேற்பறையில் நின்று ஓர் அழைப்பு, கடல் பக்கத்துப் பல்கனியில் நின்று ஓர் அழைப்பு. இரண்டையும் ஒரே டவர்தான் ஏற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

டென்மார்க்கில் 2019இல் நடந்ததைச் சொல்கிறேன். தொலைபேசி நிறுவனங்களின் தரவைப் பொலிசார் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிய மென்பொருளில் பிழை இருந்தது தெரியவந்தது. 2012 முதலான 10,000க்கு மேற்பட்ட வழக்குகளை மீளாய்வு செய்ய வேண்டியதாயிற்று. தொலைபேசித் தரவை நீதிமன்றத்தில் பாவிப்பதை இரண்டு மாதம் நிறுத்தினார்கள். 32 பேரைத் தடுப்புக் காவலிலிருந்து விடுவித்தார்கள். அங்கே அந்தத் தரவை வாசித்தவர்கள் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள்.

ஆனால் டவரும் நேரமும் ஒருபுறம் இருக்கட்டும். என்னை உண்மையில் வருத்தியது உங்கள் கடிதத்தின் ஒரு சொல்: ‘அவருடைய போன்'. போன் அவருடையது என்பதால் கையும் அவருடையது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இதை வேறு எந்த ஊர்க்காரர் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். கொழும்பில் வாழும் தமிழர் கேட்கிறாரே என்றுதான் மனம் கனக்கிறது.

2009 ஜனவரி 8ஆம் திகதி பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அத்திடியவில் கொல்லப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்களின் கைத்தொலைபேசிகளைப் புலனாய்வாளர்கள் தேடிப்போனபோது, அந்தச் சிம் அட்டைகள் நுவரெலியாவில் வாகனம் திருத்தும் ஒரு தமிழரின் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தன. அவரைப் பிடித்து அடைத்தார்கள். 2011இல் விளக்கமறியலிலேயே அவர் இறந்துபோனார். பதிவேட்டில் இருந்தது அவருடைய பெயர். போனைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதற்கு இந்த நாடு இன்றுவரை விடை சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கையிலும் ஒன்று நடந்தது. யுத்தத்தின் கடைசி வருடங்கள். கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நாலு கதவு தள்ளி ஒரு கொமியூனிகேஷன் கடை. ஊருக்குக் கதைக்கவும் வெளிநாட்டுக்குக் கதைக்கவும் சனம் வரிசையில் நிற்கும். கடையைப் பார்த்தது இருபத்திரண்டு வயதுப் பொடியன். யாரோ வந்து அங்கிருந்து யாருக்கோ கதைத்திருக்கிறார்கள். இலக்கம் கடையினுடையது, கடை பொடியனுடைய பெயரில். ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து வந்து கூட்டிப்போனார்கள். கடை மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நீளக் கொப்பி இருந்தது: நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு காசு. ஒரு நாளில் எழுபது எண்பது வரி. அவனுடைய அம்மா அந்தக் கொப்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மூன்று நாள் அந்த நிலையத்துக்குப் போனார். ‘என் பிள்ளை கதைக்கவில்லை, இத்தனை பேர் கதைத்திருக்கிறார்கள் ஐயா' என்று காட்டுவதற்கு. அதை வாங்கிப் புரட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. ஒன்பது மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான். கடையை மறுபடி திறக்கவில்லை.

உங்கள் எட்டுப் பேரின் வீடுகளில் இப்படி ஒரு கதைகூடக் கேட்டு வளராதவர் யார்?

பொலிஸ் தூங்குகிறது என்கிறீர்கள். தூங்கியது உண்டு, தூங்குவது போல் கிடந்ததும் உண்டு. 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் றக்பி வீரர் வசீம் தாஜுதீனின் உடல் கிடந்தபோது விபத்து என்று சொன்னார்கள். 2015இல் உடலைத் தோண்டி எடுத்து மீண்டும் பரிசோதிக்கும் நிலை வந்தது. கேள்வி கேட்பதை மக்கள் விடாததும் அதற்கு ஒரு காரணம். ஆகவே கேளுங்கள். ஏன் அழைப்புப் பதிவேடு இன்னும் கோரப்படவில்லை, ஏன் கண்காணிப்புக் கெமராக் காட்சி அழியவிடப்பட்டது, ஏன் மரண விசாரணை தள்ளிப்போகிறது என்று பொலிசைக் கேளுங்கள், சட்டமா அதிபரைக் கேளுங்கள். அந்தக் கேள்விகளை எழுதி அனுப்பினால் முன்பக்கத்தில் போடுகிறேன். அதிகாரத்திடம் கேட்கும் கேள்வி ஒன்று. பதில் சொல்ல வழியில்லாத ஒரு தனிமனிதரின் பெயரைச் சந்தியில் கட்டித் தொங்கவிடுவது வேறு. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தேடப்படுவோர் பட்டியலில் பொலிசாரே ஒரு படத்தை மாற்றிப் போட்டார்கள். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மாணவியின் படம். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல்கள் வரத் தொடங்கியிருந்தன.

நம் சட்டமும் இந்த விடயத்தில் கண்மூடி இருக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டப்படி, கணினியிலிருந்து எடுத்த சாட்சியத்தைக் கொண்டுவருகிறவர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். மறுதரப்பு அதைப் பார்த்துப் பரிசோதிக்கக் கேட்கலாம். இப்படிச் செய்வது ஏன்? ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்க்க ஒரு சட்டத்தரணிக்கு அவகாசம் கிடைப்பதற்காகத்தான். பேஸ்புக்கில் அந்த 45 நாட்கள் இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை.

இப்போது உங்கள் கையில் இருப்பதை என்ன செய்வது என்று சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டை இன்னொருவருக்கும் அனுப்ப வேண்டாம். அது முதலில் யாருடைய போனில் எடுக்கப்பட்டதோ அவரைக் கண்டுபிடியுங்கள். அந்தப் போனை அழிக்காமல், விற்காமல், மென்பொருளைப் புதுப்பிக்காமல், அந்த உரையாடலைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வெறும் படம். வழக்குக்கு உதவக்கூடியது போனுக்குள் இருக்கும் செய்தி. ஒரு சட்டத்தரணியோடு அவரைக் கூட்டிக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போங்கள். வாக்குமூலம் பதியச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் புதுக்கடையில் அந்த வழக்கை விசாரிக்கும் நீதவானின் கவனத்துக்குச் சட்டத்தரணி கொண்டுபோகட்டும். அந்தத் தரவு அறிக்கைப் பக்கம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் அந்தச் சட்டத்தரணியிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். விசாரணைக் கோப்பிலிருந்து அது கசிந்திருந்தால் முதலில் ஆபத்து உங்களுக்குத்தான்.

நீங்கள் எனக்கு அனுப்பிய இரண்டு பக்கத்தையும், பென்சில் கணக்கோடு, உறையிலிட்டு ஒட்டி எங்கள் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் வேறு பிரதி இல்லை. உங்கள் எட்டுப் பேரில் அந்த மனிதரின் பெயரை ஏற்கெனவே எங்காவது எழுதியவர் இருந்தால், இதை வாசித்து முடித்ததும் அதை எடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.