லண்டனிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடும்பத்தோடு மாறினால் பிள்ளைகள் படிப்பும் வீட்டுச் செலவும் கட்டுப்படியாகுமா?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: லண்டனில் வசிக்கும் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பம். கணவருக்கு அதே நிறுவனத்தில் நியூ ஜெர்சிக்கு மாற்றல். 70,000 பவுண்டு சம்பளம் அங்கே 1,40,000 டாலர் ஆகுமாம், "இரண்டு மடங்கு" என்கிறார்கள். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 3. போவது லாபமா?

அந்த இரண்டு மடங்கை முதலில் சரிபார்த்துவிடுவோம். 70,000 பவுண்டு என்பதே ஏறத்தாழ 93,000 டாலர். ஆக, உயர்வு ஒன்றரை மடங்குதான். அதுவும் சின்னத் தொகை இல்லை. அமெரிக்காவில் கணவன் மனைவி சேர்ந்து வரிக்கணக்குத் தாக்கல் செய்யலாம் என்பதால், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் கையில் நிற்கும் பணம் லண்டனைவிடக் கூடும். லண்டனில் 50,270 பவுண்டைத் தாண்டும் தொகைக்கு 40 சதவீதம் பிடிக்கிறார்கள். இங்கே 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் தம்பதிக்கு முதல் 31,500 டாலருக்கு மத்திய வருமான வரியே கிடையாது.

நாங்கள் லண்டனின் ஹாரோவிலிருந்து நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டிக்கு வந்தவர்கள். வந்தபோது பிரிட்டிஷ் வகுப்புக் கணக்கில் மகள் இயர் 5, மகன் இயர் 1. எங்களுக்குக் கட்டுப்படியானதற்குக் காரணம் சம்பளம் என்பதைவிடப் பிள்ளைகளின் வயது என்றுதான் சொல்வேன். 5 வயதிலிருந்து பள்ளிப்படிப்பு முடியும்வரை அமெரிக்காவில் அரசுப் பள்ளி இலவசம், பெரும்பாலும் பேருந்தும் இலவசம். அதற்கு முன்னும் பின்னும் நன்றாகக் கறந்துவிடுவார்கள். உங்கள் பிள்ளைகள் இருவரும் அந்த இரண்டு ஓரங்களில் நிற்கிறார்கள்.

மகனிடமிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் (ஒவ்வொருவர் வருமானமும் 1,00,000 பவுண்டைத் தாண்டாதவரை) வருடத்தில் 38 வாரம், வாரத்துக்கு 30 மணி நேரம் நர்சரி இலவசம். நாலு வயது முடிந்த செப்டம்பரில் ரிசெப்ஷன் என்ற முதல் பள்ளி வகுப்புக்குப் போய்விடுவான். இங்கே கிண்டர்கார்டன் ஐந்து வயதில்தான். நியூ ஜெர்சியில் பல ஊர்களில் அக்டோபர் 1-க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும். அதுவரை டேகேர் உங்கள் பொறுப்பு. முழுநேரத்துக்கு மாதம் 1,500 முதல் 2,000 டாலர், நல்ல இடமென்றால் அதற்கும் மேலே. இரண்டு வருடத்துக்கு 40,000 டாலர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பள உயர்வில் ஒரு வருடத்துப் பங்கு அதிலேயே போய்விடும். ஒரே ஆறுதல், நியூ ஜெர்சியில் சில பள்ளி மாவட்டங்கள் மாநில அரசின் பணத்தில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச பாலர் பள்ளி நடத்துகின்றன. வீடு பார்க்கும்போதே அந்த மாவட்டத்தில் இது உண்டா, இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு தெரு தள்ளி வேறு மாவட்டமாக இருக்கும், அங்கே கிடைக்காது.

இந்தப் பள்ளி மாவட்டம்தான் வாடகையையும் நிர்ணயிக்கிறது. பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. நியூ ஜெர்சியில் அந்த வரி சராசரியாக வருடத்துக்கு 10,000 டாலர், நாட்டிலேயே அதிகம். நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரர் அதை உங்கள் தலையில்தான் ஏற்றுவார். லண்டனில் நல்ல பள்ளிக்காகத் தபால் குறியீடு பார்த்து வீடு தேடிய அனுபவம் இருக்குமே, அதே வேலைதான். ஒரு நல்ல விஷயம்: இங்கே ஊருக்குள் குடியிருக்கும் பிள்ளையைப் பள்ளி மாவட்டம் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். இடமில்லை, காத்திருப்புப் பட்டியல் என்று சொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்று, தடுப்பூசிப் பதிவு இருந்தால் போதும்.

தடுப்பூசியில்தான் பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் மாட்டுகிறார்கள். உங்கள் மகள் பிறந்தபோது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் அட்டவணையில் ஹெப்படைட்டிஸ் பி கிடையாது. 2017-இல்தான் குழந்தைகளுக்கு வந்தது. சின்னம்மை ஊசி 2026 ஜனவரியில்தான் சேர்ந்தது. நியூ ஜெர்சி பள்ளிகள் இரண்டையும் கேட்கும். சின்னம்மை ஏற்கனவே வந்துபோயிருந்தால் அதற்கு மருத்துவச் சான்று போதும், ஜிபியிடம் (உங்கள் பகுதி பொது மருத்துவர்) கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். ஆறாம் வகுப்புக்கு மேலே சேரும் பிள்ளைக்கு டிடேப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல் மூன்றுக்குமான ஊசி), மெனிஞ்சைட்டிஸ் ஊசிகளும் வேண்டும். அங்கே பதின்வயதினருக்குப் போடும் பூஸ்டரில் கக்குவான் இருமலுக்கான மருந்து இல்லாததால் அதை டிடேப்பாக ஏற்க மாட்டார்கள். ஹெப்படைட்டிஸுக்கு மூன்று தவணை, மாதக்கணக்கில் ஆகும். முதல் தவணையை லண்டனிலேயே தனியார் மருந்தகத்தில் போட்டுக்கொண்டு வந்தால் பள்ளியில் சேர்வது இழுபடாது.

சரி, மகள். இயர் 9 என்று வைத்துக்கொள்கிறேன். இயரிலிருந்து ஒன்றைக் கழித்தால் இங்கத்திய வகுப்பு வரும், ஆக எட்டாம் வகுப்பு. ஹைஸ்கூல் ஒன்பதில் தொடங்குகிறது. 9 முதல் 12 வரை ஒவ்வொரு பருவத்து மதிப்பெண்ணும் சேர்ந்துதான் ஜிபிஏ என்ற சராசரி, அதுதான் கல்லூரிக்குப் போகும். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன் வந்துவிட்டால் அவளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கோடு. இயர் 10, 11 நடுவில் கிளப்பினால் வம்பு. என் கணவரின் அலுவலகத்துக்கு லீட்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம், மகன் இயர் 11-இல் இருந்தபோது ஜனவரியில் வந்தது. இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வை எழுதவில்லை, ஆகவே அந்தப் படிப்புக்குக் கையில் சான்றிதழ் இல்லை. இங்கே பத்தாம் வகுப்பின் நடுவில் சேர்ந்தான். அமெரிக்க வரலாறு உட்பட பட்டம் பெறத் தேவையான பாடங்களை இரண்டரை வருடத்தில் திணித்துப் படித்தான். படித்துவிட்டான், ஆனால் அந்த வீட்டில் அந்த இரண்டரை வருடமும் யாருக்கும் நிம்மதி இல்லை.

இன்னொன்று, கணிதம். இங்கே அல்ஜீப்ரா ஒரு வருடம், ஜியாமெட்ரி ஒரு வருடம் என்று பிரித்து நடத்துவார்கள். லண்டனில் எல்லாம் கலந்து வரும். எந்த வரிசையில் வைப்பது என்று பள்ளிக்குத் தெரியாமல் சாதாரண வகுப்பில் உட்கார வைத்துவிடும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா முடித்தவர்கள்தான் வழக்கமாகப் பன்னிரண்டில் கால்குலஸ் வரை போகிறார்கள். சேரும்போதே பிளேஸ்மென்ட் தேர்வு வையுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் வைப்பார்கள்.

இனி பெரிய செலவுக்கு வருவோம், கல்லூரி. இங்கிலாந்தில் 2025-26-இல் வருடக் கட்டணம் 9,535 பவுண்டு. அதற்கும் அரசு கடன் தரும், வேலைக்குப் போய் வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால்தான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கே வருடம் சுமார் 18,000 டாலர். வெளியார் என்றால் அதுபோல் இரண்டு மடங்கு. விடுதியும் சாப்பாடும் தனி. பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் எல்லாம் சேர்த்து வருடம் 90,000 டாலரைத் தொடுகிறது.

எல்-2, ஹெச்-4 விசாவில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ கிடையாது. உள்மாநிலக் கட்டணம் கிடைப்பதும் மாநிலத்துக்கு மாநிலம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அப்புறம் 21 வயதில் அந்த விசாவே முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும்.

நம்மவர்கள் பலரும் கவனிக்காத இடம் இதுதான். கிரீன் கார்டு வரிசை பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் உங்கள் கணவர் திருச்சியில் பிறந்தவர் என்றால் இந்தியா வரிசைதான். வேலைவழி விண்ணப்பத்தில் இபி-2, இபி-3 பிரிவுகளில் அது பத்து வருடத்துக்கும் மேல் நீள்கிறது. பக்கத்து மேசையில் இருக்கும், லீட்ஸில் பிறந்தவர் அந்த வரிசையிலேயே இல்லை. ஆனால் கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டின் பேரிலேயே குடும்பம் முழுக்க விண்ணப்பிக்கலாம். நீங்கள் யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ பிறந்தவர் என்றால் பெரிய அதிர்ஷ்டம். பிள்ளைகள் லண்டனில் பிறந்தது இதற்கு உதவாது, பெற்றோரில் ஒருவர் பிறந்திருக்க வேண்டும். நீங்கள் இருவருமே இந்தியாவில் பிறந்தவர்கள் என்றால், 13 வயது மகளுக்கு மீதி இருப்பது எட்டு வருடம். நானாக இருந்தால் சம்பளத்தைப் பேசும் முன் இந்தக் கணக்கைப் போடுவேன்.

"அப்படியானால் கல்லூரிக்குத் திரும்ப இங்கிலாந்துக்கே அனுப்பிவிடுவோம்" என்று தோன்றும். அங்கேயும் ஒரு கொக்கி. உள்நாட்டுக் கட்டணமும் அரசுக் கடனும் வேண்டுமென்றால் படிப்பு தொடங்கும் முன் மூன்று வருடம் பிரிட்டனில் வழக்கமாகக் குடியிருந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் போதாது. வெளிநாட்டு மாணவியாகக் கணக்கிட்டால் வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல்தான் பல இடங்களில். பெற்றோர் வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போயிருந்தார்கள் என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு.

மருத்துவச் செலவு பற்றிக் கேட்காமலே எல்லோரும் பயமுறுத்தியிருப்பார்கள். பயம் நியாயம்தான், ஆனால் எல்லை தெரிந்த பயம். 2024-இல் நிறுவனங்கள் வழியே எடுக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் கையிலிருந்து போவது 6,296. அதற்கு மேல் டிடக்டிபிள் என்று ஒரு தொகைவரை முழுக்க நீங்கள்தான் கட்ட வேண்டும், பிறகு பில்லில் ஒரு பங்கு மட்டும். வருடத்துக்கு உச்சவரம்பு உண்டு: 2025-இல் குடும்பத்துக்கு 18,400 டாலர், நெட்வொர்க்குக்குள் இருக்கும்வரை. உங்கள் கணவரின் நிறுவனத் திட்டத்தில் இந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள். டிடக்டிபிள் வழக்கமாக ஜனவரியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஆகவே அக்டோபரில் வந்து சிகிச்சை எடுத்தால் மூன்றே மாதத்தில் இரண்டு முறை கட்ட நேரும். எங்கள் மகன் டிராம்போலினில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது மருத்துவமனை, மருத்துவர், எக்ஸ்ரே என்று தனித்தனியாக உறைகள் வந்துகொண்டே இருந்தன. அதில் ஒரு பில் இரண்டு முறை வந்திருந்தது. போன் போட்டுக் கேட்டதும் ரத்து செய்தார்கள். இங்கே வரும் பில்லை உடனே கட்டக் கூடாது, காப்பீட்டு நிறுவனத்தின் விளக்கத் தாளோடு ஒப்பிட்ட பிறகுதான் கட்ட வேண்டும்.

மற்றச் செலவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு மாதம் 2,500 டாலர் அளவில். முன்பணம் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் விடாது. பிரிட்டனில் குடியிருப்பவர் கட்டும் உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸ் இங்கே இல்லை. மளிகை லண்டனைவிட நிச்சயம் அதிகம், அங்கத்திய லிடில் கடை விலையை மறந்துவிடுங்கள். பருப்பும் அரிசியும் பட்டேல் பிரதர்ஸில் பரவாயில்லை. கைபேசி, இணையம் இரண்டும் அநியாயம். பெட்ரோல் மலிவு, ஆனால் கார் இரண்டு வேண்டும். பிரிட்டிஷ் ஓட்டுநர் அனுபவத்தைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் மதிக்காததால் முதல் வருடப் பிரீமியம் எரிச்சலூட்டும். யூனிஃபார்ம் செலவு பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் கிடையாது.

கோடை விடுமுறைக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். அங்கே ஆறு வாரம், இங்கே ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை. எல்-2 விசாவில் வரும் மனைவிக்கு 2021 நவம்பர் முதல் தனி அனுமதி இல்லாமலே வேலை செய்ய உரிமை உண்டு. ஆனால் விடுமுறை நாட்கள் தந்தாக வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லாத நாடு இது. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளைகள் சம்மர் கேம்ப்புக்குத்தான் போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு வாரம் 300 முதல் 500 டாலர்.

பிரிட்டனின் வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கான ஐசா வைத்திருந்தால், அமெரிக்க வரிச் சட்டத்துக்கு அது சாதாரணக் கணக்குதான், வரிவிலக்கு செல்லாது. ஃபண்டுகளில் போட்டிருந்தால் தாக்கல் செய்யும் வேலையே தலைவலி. கிளம்பும் முன் ஆலோசகரிடம் கேட்டு விற்றுவிடுவது பற்றி முடிவெடுங்கள். ஜூனியர் ஐசாவுக்கும் இதே கதைதான். பென்ஷனுக்கு இரு நாட்டு ஒப்பந்தத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

ஆக, என் பதில்: மகளின் ஒன்பதாம் வகுப்புக்கு முன் வர முடிந்து, இருவரில் ஒருவர் இந்தியாவுக்கு வெளியே பிறந்தவராக இருந்தால் வாருங்கள். இல்லையென்றால் 1,40,000 போதாது, டேகேர் செலவையாவது சேர்த்துக் கேளுங்கள். காப்பீடு முதல் நாளிலிருந்து, இரண்டு வருடத்துக்கு வரித் தாக்கல் உதவி, கிரீன் கார்டு விண்ணப்பத்தை எந்தப் பிரிவில் எப்போது தொடங்குவார்கள் என்பது, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கிரீன் கார்டு வேண்டாம், சில வருடத்தில் திரும்பிவிடுவோம் என்றால், மாற்றல் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று நிறுவனம் கடிதம் தரட்டும். மகள் 17 வயதில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது உள்நாட்டுக் கட்டணம் கேட்டு வாதாட அந்தக் கடிதம் தேவைப்படும்.