காலி நெரை கணக்கு

அன்புள்ள அண்ணே,

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, இப்ப யூனிவர்சிட்டில முதல் வருஷம். எக்ஸ் ஸ்கொயர் சர்ஜெக்டிவ் இல்லன்னு போன வாரம் லெக்சரர் சொன்னாரு, இந்த வாரம் அதே எக்ஸ் ஸ்கொயர் சர்ஜெக்டிவ்ங்கறாரு. எல்லா எக்ஸுக்கும்தான் விடை வருதே, அப்புறம் எப்படி இல்லன்னு ஆகும்?

ஒரு வாசகி

தங்கச்சி,

உன் கடைசி வரிலதான் சிக்கலே. எல்லா எக்ஸுக்கும் ஒரு விடை வருதுன்னா அது சார்பு, அவ்வளவுதான். சர்ஜெக்டிவ்ங்கறது வேற கேள்வி.

எங்கப்பா பால்மரம் சீவுன காலத்துல, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல (ஆளுங்க கூடுற எடம்) கிராணி, அதான் தோட்டத்துக் கணக்கர், பேரு கூப்பிடுவாரு, மேஸ்திரி மாதிரி இருக்கற மண்டோர் உனக்கு இந்த நெரை (மர வரிசை) உனக்கு அந்த நெரைன்னு பிரிச்சு விடுவாரு. வந்தவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு நெரை கிடைச்சுதா, ஒரே ஆளை ரெண்டு நெரைக்கு அனுப்பலையா, அது சார்பு. ஆனா தொரை (தோட்ட மேனேஜர்) ஜீப்புல வந்து கேக்குறது அது இல்ல, எந்த நெரையாச்சும் சும்மா கெடக்கான்னுதான் கேப்பாரு. ஒண்ணுகூட சும்மா கெடக்கலன்னா சர்ஜெக்டிவ், தமிழ்நாட்டுப் பாடநூல்ல மேல் சார்புன்னு போடுவாங்க (அந்த 'சர்' பிரெஞ்சுல 'மேல'ன்னு அர்த்தம், பூர்பாக்கிங்கற பேருல கூட்டா எழுதுன பிரெஞ்சுக் கணிதக்காரங்க பரப்புன சொல்லு). ஒரே நெரைல ரெண்டு பேரு நின்னாலும் அது மேல் சார்புதான். அப்படி நிக்காம இருந்தா ஒன்றுக்கொன்று, ரெண்டும் சேந்தா இருபுறச் சார்பு.

உன் கணக்குல எக்ஸ்தான் ஆளு, விடைதான் நெரை. நீ ஆளுங்க பக்கம் நின்னு பாக்குற, நெரை பக்கம் போயி நின்னு பாரு. மெய்யெண்கள்லேருந்து மெய்யெண்களுக்கு எக்ஸ் ஸ்கொயர்னு வெச்சுக்க, மைனஸ் 4ங்கற நெரைல நாள்பூரா நின்னாலும் ஒரு ஆளும் வரமாட்டாங்க, ஏன்னா எந்த மெய்யெண்ணை அதாலேயே பெருக்குனாலும் மைனஸ் வராது. 4ங்கற நெரைலயோ 2ம் வந்து நிக்கும் மைனஸ் 2ம் வந்து நிக்கும். இப்ப கிராணி புத்தகத்துலேருந்து மைனஸ் நெரை எல்லாத்தையும் அடிச்சுட்டா, 0வும் அதுக்கு மேலயும் மட்டும்தான் மிச்சம், ஒண்ணும் காலியில்ல, அப்ப அது சர்ஜெக்டிவ். ஆளுங்களும் அதேதான் நடந்த வழியும் அதேதான், புத்தகம் மட்டும்தான் மாறிச்சு.

இன்னொண்ணு, ஆளும் நெரையும் சரிசமமா இருந்தா காலி இல்லன்னாலே ரெட்டை ஆளும் இல்லன்னு நம்ம தோட்டத்துக் கணக்குல சொல்லிரலாம். முடிவில்லாத கூட்டத்துல அந்தக் கணக்கு செல்லாது: 1, 2 ரெண்டையும் 1க்கு அனுப்பு, 3, 4 ரெண்டையும் 2க்கு அனுப்பு, இப்படியே போனா எல்லா நெரைலயும் ரெண்டு ரெண்டு பேரு, ஒரு நெரையும் காலியில்ல, ஆளும் தீரல! எனக்கு இது இன்னிக்கும் கொஞ்சம் கூச்சமாதான் இருக்கு.

உங்க லெக்சரர் ரெண்டு வாரமும் சரியாத்தான் சொல்லியிருப்பாருன்னு நெனைக்கிறேன், சார்பை எழுதுறப்ப போடுற அம்புக்குறிக்கு வலப்பக்கம், அதாவது நெரைங்க இருக்கற பக்கம், அன்னிக்கு என்ன எழுதுனாருன்னு உன் நோட்டைப் பாரு.

அண்ணன்